மான் வேட்டைக்கு உதை குறைந்த ரைஃபிள்: எந்தக் காலிபரைத் தேர்ந்தெடுப்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் பிறந்து வளர்ந்து, இப்போது கிரீன் கார்டு பெற்றுப் பென்சில்வேனியாவில் குடும்பத்துடன் வாழும் ஒரு பெண்மணி எனக்கு எழுதிய கேள்வி இது. வேட்டைக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பை அவர் முடித்துவிட்டார். கணவரின் நண்பர் ஒருவர் தம்முடைய .30-06 ரைஃபிளைக் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொன்னாராம். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புடன் சேர்த்து 3 கிலோ எடைதான் உள்ள துப்பாக்கி. நான்கு தோட்டாக்களில் தோள் கன்றிப்போனது. ஐந்தாவது முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்கள் தாமாக மூடிக்கொண்டன. 157 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ள தமக்கு, உதை குறைவாகவும், மானை வதைக்காமல் உடனே வீழ்த்தக்கூடியதாகவும் உள்ள காலிபர் எது என்று கேட்டிருக்கிறார். உதை என்பது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளில் இடிப்பது. காலிபர் என்பது குழலின் விட்டத்தைக் குறிக்கும் சொல்; .30-06 போன்ற தோட்டா வகையையும் அப்படியே அழைப்பார்கள்.

பதினேழு ஆண்டுகள் நான் பென்சில்வேனியாவின் வடபகுதியில் வேலை பார்த்தேன். அவற்றில் பதின்மூன்று பருவங்கள் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்றிருக்கிறேன். இப்போது ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இதைப் படிக்கும் உள்ளூர் அன்பர்களுக்கு ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதுவது முழுவதும், உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வைத்து மான் வேட்டையை அரசே நடத்தும் ஒரு நாட்டைப் பற்றியது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிம வேட்டைக்கு எஞ்சியிருந்த வழிகளையும் அடைத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் நடைமுறையில் உள்ளன. சேர்வராயன் மலையில் ஒரு கேளையாட்டை நோக்கித் துப்பாக்கி தூக்குவதும் குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அம்மா, நீங்கள் எழுதியவற்றில் தோள் கன்றியதைவிடக் கண் மூடியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கன்றிய தோள் ஒரு வாரத்தில் ஆறிவிடும். வெடிச் சத்தத்தையும் உதையையும் எதிர்பார்த்து, வெடிக்கும் முன்பே உடல் வெருண்டு தோளை முன்னே தள்ளுவதும், விசையை வெடுக்கென்று இழுப்பதும், கண்ணை மூடுவதும் ஒருமுறை பழக்கமாகிவிட்டால் அதை நீக்கப் பல மாதங்கள் பிடிக்கும். வெருண்ட உடலோடு சுடப்படும் குண்டு, எவ்வளவு ஆற்றல் கொண்டதாக இருந்தாலும், போகக்கூடாத இடத்துக்குப் போய்விடுகிறது.

இதை நான் என் தவற்றிலிருந்து அறிந்துகொண்டேன். தோட்டத்தில் அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று வைத்திருந்த 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கியை, தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் வாங்கிவருவதைப் பார்த்தும், ஓரிரு முறை அதைச் சுட்டும் வளர்ந்தவன் என்பதால், எந்த உதையையும் தாங்குவேன் என்று எண்ணினேன். அமெரிக்காவில் கடைக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன். பயிற்சியின்போதே நான் வெருள்வதை உணர்ந்திருந்தும், வெளியே சொல்லக் கூசி மறைத்துவிட்டேன். நான்காவது பருவத்தில் ஒரு பெண் மான் 80 மீட்டரில் பக்கவாட்டாக, அசையாமல் நின்றது. அதைவிட எளிதான குறி யாருக்கும் கிடைக்காது. என் குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. வயிற்றில் அடிபட்ட மானை உடனே விரட்டினால் அது மைல் கணக்கில் ஓடிவிடும் என்பதால், உடன் வந்த பெரியவர் என்னைப் பல மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு பனியில் தெரிந்த இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஹெம்லாக் மரத்தடியில் அதைக் கண்டோம். அது அப்போதும் உயிருடன் இருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டு, 7 எம்எம்-08 ஒன்றை வாங்கினேன். அடுத்த ஒன்பது பருவங்களில் ஒரு மானையும் காயத்தோடு தவறவிடவில்லை.

உதை என்பது என்ன என்பதைக் கணக்காகப் பார்த்தால் தேர்வு எளிதாகும். குண்டும், அதன் பின்னே பாயும் வெடிமருந்து வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகின்றனவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வரும். அந்த உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்வாங்கும் வேகம் கிடைக்கும். அதிலிருந்து உதையின் ஆற்றலை ஜூலில் கணக்கிடலாம். ஸ்கோப்புடன் 3.4 கிலோ எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு வழக்கமான தோட்டாக்களுக்கு நான் போட்ட கணக்கில், .300 வின்செஸ்டர் மேக்னம் ஏறத்தாழ 47 ஜூல், .30-06 ஏறத்தாழ 32, .308 வின்செஸ்டர் 24, 7 எம்எம்-08 ரெமிங்டன் 21, 6.5 கிரீட்மூர் 19, .243 வின்செஸ்டர் 15 என்று வருகின்றன. குண்டின் எடையும் மருந்தின் அளவும் மாறினால் இவை சில ஜூல் கூடும், குறையும், வரிசை பெரும்பாலும் மாறாது.

காலிபரைப் பற்றியே பேசுபவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஒரே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை அதே விகிதத்தில் ஏறும். நீங்கள் சுட்ட 3 கிலோ .30-06இல் உதை ஏறத்தாழ 37 ஜூல் இருந்திருக்கும். 6.5 கிரீட்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்துக்கென்று செய்த 2.7 கிலோ துப்பாக்கியில் அது 24 ஜூல் உதைக்கும், 3.6 கிலோ துப்பாக்கியில் 18 ஜூல்தான். அதாவது, இலேசான துப்பாக்கியைத் தேர்ந்தால் கிரீட்மூரை வாங்கி .308இன் உதையைப் பெறுவீர்கள். உங்கள் உடல்வாகைப் பார்த்துவிட்டுக் கடையில் இலேசான துப்பாக்கியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பென்சில்வேனியாவில் பெரும்பாலும் ஓரிடத்தில் அமர்ந்து காத்திருப்பதுதான் வேட்டை. அரைக் கிலோ கூடுதல் எடை அங்கே சுமையாகத் தெரியாது.

எடைக்கு அடுத்தபடி கட்டையின், அதாவது தோளில் பதியும் பின்பகுதியின், நீளத்தைப் பார்க்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்விளிம்பு வரை உள்ள நீளம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 34 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் உயரத்துக்கு 32 அல்லது 33 போதும். கட்டை நீண்டிருந்தால் கை எட்டாமல் தலையை முன்னே நீட்டுவீர்கள். கட்டை தோள்குழியில் உட்காராமல் புயத்தின் எலும்பில் உட்காரும். கன்றுவது அங்கேதான். உங்கள் தோள் கன்றியதற்குக் காலிபருக்குப் பாதிப் பழி என்றால், பொருந்தாத கட்டைக்கு மீதிப் பழி இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல மென்மையான ரப்பர் பின்பட்டை உதையின் மொத்த ஆற்றலைக் குறைக்காது என்றாலும், அதை அதிக நேரத்துக்கும் அதிகப் பரப்புக்கும் பரப்பிக் கொடுப்பதால் தோள் உணரும் வித்தியாசம் பெரிது. குழல் முனையில் பொருத்தும் மசில் பிரேக் உதையை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் சத்தம் கடுமையாகும். ரைஃபிளின் வெடிச் சத்தம் ஏற்கெனவே 150 டெசிபலைத் தாண்டுவது. செவிக்கு 140 டெசிபலே ஆபத்து. சத்தத்துக்கு வெருளத் தொடங்கிய உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி மானின் பக்கம் வருவோம். வெள்ளைவால் மான், குறும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் நீங்கள் சிறு வயதில் பார்த்திருக்கக்கூடிய புள்ளிமானைவிடக் கொஞ்சம் பெரியது, அங்கேயே உள்ள கடமானைவிட மிகவும் சிறியது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் மான் 40 கிலோவிலிருந்து 90 கிலோ வரையும், வளர்ந்த ஆண் 60 கிலோவிலிருந்து 130 கிலோ வரையும் இருக்கும். மெல்லிய தோலும் குறுகிய உடலும் கொண்ட விலங்கு. அதன் இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள், அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தட்டுக்குள் சரியாக விரியும் குண்டு ஒன்று நுழைந்தால் நான் மேலே சொன்ன ஆறு காலிபர்களில் எதுவாயினும் மான் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். தட்டுக்கு வெளியே பட்டால் எந்தக் காலிபரும் காப்பாற்றாது.

.243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. 1952இல் வந்த .308 தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் குறுக்கி 6 மில்லிமீட்டர் குண்டைப் பொருத்திச் செய்தது. மான் வேட்டைக்கு இதுவே போதும் என்று ஒரு சாராரும், இது கைதேர்ந்தவருக்கு மட்டும் என்று மறுசாராரும் அறுபது எழுபது ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. 100 கிரெயின், அதாவது 6.5 கிராம் எடையுள்ள மான் குண்டு விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பக்கவாட்டாக நிற்கும் மானுக்கு அது தாராளம். ஆனால் மான் சாய்வாக நின்று, குண்டு தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டிய நிலையில், இலேசான குண்டுக்குக் கையிருப்பு குறைவு. இரத்தத் தடமும் சில சமயம் மெலிதாகவே விழும். ஆகவே .243ஐ எடுப்பவர், சரியான கோணம் அமையாத மானைச் சுடாமல் விட்டுவிடும் மன உறுதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கக்காரருக்கு இது எளிதன்று. அதே காலிபரில் சிறு விலங்குகளுக்கென்று 55, 58 கிரெயின் தோட்டாக்களும் விற்பனையில் உள்ளன. அவை மானின் மேற்பரப்பிலேயே சிதறிவிடும். பெட்டியைப் பார்த்து வாங்காமல் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

6.5 கிரீட்மூரை ஹார்னடி நிறுவனம் 2007இல் இலக்குச் சுடுதலுக்கென்று கொண்டுவந்தது. அது வேட்டைக்காரர்களிடையே இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு மாயம் எதுவும் காரணமில்லை. 6.5 மில்லிமீட்டர் குண்டு தன் விட்டத்துக்கு நீளமானது, எடை கூடியது. அதனால் மிதமான வேகத்திலேயே ஆழமாக ஊடுருவும். 1890களில் உருவான 6.5 × 55 ஸ்வீடிஷ் தோட்டாவைக் கொண்டு ஸ்காண்டிநேவிய மக்கள் வெள்ளைவால் மானைப் போலப் பல மடங்கு எடையுள்ள மூஸ் என்னும் பெரிய மான் இனத்தையே நூற்றாண்டுக்கும் மேலாக வேட்டையாடி வருகிறார்கள். கிரீட்மூர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். .243ஐவிட நான்கு ஜூல் கூடுதல் உதைக்கு, குண்டின் எடை 100 கிரெயினிலிருந்து 140 கிரெயினாக உயர்கிறது. இந்த மாற்று எனக்கு மிகவும் நியாயமாகத் தெரிகிறது.

7 எம்எம்-08, 1980இல் ரெமிங்டன் வெளியிட்டது, இதுவும் .308இன் கூட்டிலிருந்து பிறந்ததுதான். என் சொந்தத் துப்பாக்கி என்பதால் எனக்கு இதன்மீது பற்று உண்டு. கிரீட்மூரைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல் விட்டம், சற்றே கூடுதல் வேகம், இரண்டு ஜூல் கூடுதல் உதை. மானுக்கு இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் மானால் வேறுபாடு காண முடியாது என்பேன். கடைகளில் தோட்டா கிடைக்கும் வசதி கிரீட்மூருக்கு அதிகம். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு நான் அதை முன்னே வைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். .30-30 வின்செஸ்டர் 1895இலிருந்து பென்சில்வேனியக் காடுகளில் மான் வீழ்த்தி வருவது; உதையும் 14, 15 ஜூல்தான். ஆனால் நெம்புகோல் இயக்கத் துப்பாக்கிகள் பல இலேசானவை, கட்டை குறுகலானது. பொருத்திப் பார்த்துப் பிடித்திருந்தால் குறை சொல்ல மாட்டேன். 2019இல் வந்த .350 லெஜண்ட், கழுத்துக் குறுகாத நேர்க்கூட்டுத் தோட்டாக்களை மட்டும் அனுமதிக்கும் ஓஹையோ போன்ற மாநிலங்களுக்கென்று அமைந்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் அதற்குத் தேவை இல்லை. .223 உதையே இல்லாதது போல இருக்கும். ஆயினும் வர்ஜீனியா மானுக்கு .23 அங்குலமும், கொலராடோ .24 அங்குலமும் குறைந்தபட்ச விட்டம் என்று வகுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை நீங்கள் மானுக்கு எடுக்க வேண்டாம்.

ஆக, என் தேர்வு இது: ஸ்கோப்புடன் 3.6 கிலோவை ஒட்டிய எடையும், 33 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டை நீளமும், நல்ல ரப்பர் பின்பட்டையும் கொண்ட, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் இயக்க 6.5 கிரீட்மூர். நீங்கள் சுட்ட .30-06இன் உதையில் அது பாதிக்கும் குறைவு. அதிலும் கண் மூடுகிறது என்றால், தயக்கமே இல்லாமல் .243க்கு இறங்கிவிடுங்கள். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் உதை மென்மையாகத் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். பென்சில்வேனியாவில் மானுக்கு அவ்வகை ரைஃபிள் அனுமதிக்கப்படுவதில்லை.

குண்டைப் பற்றி ஒரு சொல். வேட்டைக்கு முனை விரியும் குண்டு வேண்டும். முழுவதும் உலோக உறையிட்ட குண்டு ஊசிபோலத் துளைத்து வெளியேறி மானை நெடுநேரம் வதைக்கும். ஈயக் குண்டுகள் உடலுக்குள் சிறு துணுக்குகளாகச் சிதறுவதால், காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் முழுச் செம்புக் குண்டுகளைப் பரிசீலியுங்கள். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டுகளையே கட்டாயமாக்கியிருக்கிறது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அக்குண்டுகளில் எடை குறைந்தவற்றைத் தேர்வார்கள். உதையும் அதற்கேற்பச் சற்றுக் குறையும்.

தூரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் இலையுதிர்ந்த காடு, சில்வர் ஓக் நிழலில் காப்பி வளரும் எங்கள் சரிவுகளைப் போன்றது. எழுபது எண்பது மீட்டருக்கு அப்பால் மரங்களே பார்வையை அடைத்துவிடும். என் மான்களில் பெரும்பாலானவை 100 மீட்டருக்குள் கிடைத்தவை. முதல் இரண்டு பருவங்களுக்கு 120 மீட்டரை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெருட்சியை நீக்கும் வழி எளியது, ஆனால் பொறுமை கேட்பது. முதலில் ஒரு மாதம் .30-06ஐத் தொடவே வேண்டாம். சிறு தோட்டாவைச் சுடும் .22 ரிம்ஃபயர் ரைஃபிளில், செவிக்குள் வைக்கும் அடைப்பானையும் அதன்மேல் கவிக்கும் காப்பையும் சேர்த்து அணிந்து, வாரம் ஐம்பது தோட்டாக்கள் சுடுங்கள். அதில் உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. விசையை மெதுவாக, எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாதபடி அழுத்தும் பழக்கம் விரலில் ஏற வேண்டும். புதிய துப்பாக்கி வந்ததும், சுடுகளத்தில், வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு இடையில் வெடிமருந்து இல்லாத, வெடிக்காத வெற்றுத் தோட்டாவைக் கலந்து ஏற்றித் தரட்டும். வெற்றுத் தோட்டாவில் விசை 'டிக்' என்ற அந்தக் கணம் குழல் முனை அசையாமல் நின்றால் உடல் அடங்கிவிட்டது என்று பொருள். முனை தாழ்ந்தால் இன்னும் வெருட்சி இருக்கிறது. மேசையில் சாய்ந்து உட்கார்ந்து சுடும்போது உடல் பின்வாங்க இடமில்லாததால் உதை அதிகமாகத் தெரியும். ஸ்கோப்பைச் சரிசெய்யும் ஐந்தாறு தோட்டாக்களுக்கு மட்டும் மேசையைப் பயன்படுத்திவிட்டு, மற்றதை நின்றும் மண்டியிட்டும் பழகுங்கள். ஸ்கோப்புக்கும் புருவத்துக்கும் இடையில் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு நாளில் இருபது தோட்டாக்களுக்கு மேல் வேண்டாம்.

நீங்கள் கிரீன் கார்டு உடையவர் என்பதால் சிக்கலில்லை. இதைப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ உள்ளவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சட்டவிலக்கு இல்லாமல் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்க வேண்டாம். நண்பர் கொடுத்ததை வாங்கிச் சுடுவதற்கு முன்பும் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும்போது, எந்த மாதமாக இருந்தாலும், வேட்டையன்று அணியப்போகும் தடித்த குளிர் அங்கியையும் அதன்மேல் போடும் ஆரஞ்சு மேலாடையையும் எடுத்துச் செல்லுங்கள். ரைஃபிள் பருவம் நவம்பர் இறுதியில், தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அந்தக் குளிரில் அணியும் உடை கட்டையின் நீளத்தோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டரைக் கூட்டிவிடும். அதை அணிந்துகொண்டு, துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே பார்த்த பிறகு, கண்களை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் பதியுங்கள். பிறகு கண்களைத் திறங்கள். தலையை நகர்த்தாமலேயே ஸ்கோப்பின் வட்டம் முழுவதும் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. தெரியவில்லை என்றால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.